மூன்றடியில் பந்து தவறுவது பயத்தால் அல்ல

கோல்ஃப் ஆட்டத்தில் குழிக்கு ஆறடிக்குள் கிடக்கும் பந்தைப் புட்டர் என்ற மட்டையால் உருட்டிக் குழியில் விழவைப்பதே ஷார்ட் புட். பார்வைக்கு இதைவிட எளிதான வேலை எந்த ஆட்டத்திலும் இல்லை. ஓட வேண்டாம், உடல் பலம் வேண்டாம். பந்து அசையாமல் கிடக்கிறது, எதிராளி குறுக்கே வருவதும் இல்லை. இவ்வளவு எளிதானது தவறும்போது காரணம் தேடுகிறவர் கையில் முதலில் அகப்படுவது மனம்தான். கை நடுங்கிவிட்டது, நெஞ்சில் தெம்பு இல்லை, தைரியமாகத் தட்டியிருந்தால் விழுந்திருக்கும் என்ற தீர்ப்பைக் கிளப் வராந்தாவிலும் தொலைக்காட்சி வர்ணனையிலும் ஒரே குரலில் கேட்கலாம். தீர்ப்போடு உபதேசமும் கூடவே வரும்: மனத்தைத் திடப்படுத்திக்கொள், குழியின் பின்சுவரில் மோதும்படி பலமாகத் தட்டு, மீதியெல்லாம் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பில், ஆடி ஆடித்தான் வரும். இந்தக் கருத்து பழையது, பரவலானது, கேட்க இனிமையானது. ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அதில் நிற்பது கொஞ்சமே.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த விவாதத்தில் தனி அக்கறை உண்டு. மாவட்டத்தின் பெயர்பெற்ற கோல்ஃப் மைதானம் மலைமேல் இருக்கிறது. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப், பதினெட்டுக் குழிகளோடு, காட்டெருமைகள் மேய்ந்து திரியும் புல்மேடுகளின் நடுவே அமைந்தது. திண்டுக்கல் ஊரிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறிப் போய்ச்சேர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஊரிலும், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று விரியும் சமவெளியிலும் இருக்கும் ஆர்வலருக்குக் கிரீன் என்பது ஒரு நாளை ஒதுக்கிப் போக வேண்டிய இடம். ஷார்ட் புட்டுக்கு நெஞ்சுரமும் கிரீனும்தான் மூலதனம் என்றால் அவர் கீழே இருந்துகொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. புட்டர் முகம் எந்தக் கோணத்தில் பந்தைத் தொடுகிறது என்பதே முதல் கேள்வி என்றால், வீட்டுத் தரையிலேயே செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் குழியின் அளவு. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891 முதல் இதுவே விதி. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே குழி, பந்தைப்போல் இரண்டரை மடங்கு அகலம். கேரம் பலகையின் பை 44.5 மில்லிமீட்டர், காய் அதிகபட்சம் 31.8; ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனாலும் கேரத்தில் காய் பையில் விழாவிட்டால் கோணம் தப்பிவிட்டது என்றுதான் பேச்சு; ஆடியவரின் வீரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அதைவிடத் தாராளமான குழியின் முன்னால் நிற்பவரை மட்டும் கோழை என்பது விந்தையான நீதி.

கோணக் கணக்கு பள்ளிக்கூட அளவுதான். மெதுவாக வந்து சேரும் பந்தின் நடுப்புள்ளி குழியின் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 54 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பந்து விழுந்துவிடும். சமதளத்தில் மூன்றடி தூரத்தில் இது பக்கத்துக்கு 3.4 பாகை. நான்கடியில் இரண்டரை, ஆறடியில் 1.7, பத்தடியில் ஒரு பாகை. தூரம் இரட்டிப்பானால் மன்னிப்பு பாதியாகிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பதிவான புட்களைக் கணக்கிட்டுத் தந்த விழுக்காடுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றடியில் நூற்றுக்கு 96 விழுகின்றன. நான்கடியில் 88, ஐந்தடியில் 77, ஆறடியில் 66, எட்டடியில் 50. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே எட்டடியில் இரண்டுக்கு ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

இந்த எண்களில் பயத்துக்கு இடம் எங்கே? ஆடுபவர் அதே மனிதர், பரிசுப் பணமும் அதேதான். தவறே பயத்தால் என்றால், மூன்றடிக்கும் ஆறடிக்கும் இடையில் பயம் படிப்படியாக, கோணம் குறுகும் ஒழுங்கிலேயே, வளர்ந்துகொண்டு போக வேண்டும். மனித மனத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சொல்லப்போனால் ஆட்டக்காரர் அதிகம் அஞ்சுவது மூன்றடியைத்தான். தவறினால் வெட்கம் அங்கேதான் அதிகம். எட்டடியில் தவறினால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அஞ்சுகிற இடத்தில் நூற்றுக்கு 96 விழுகிறது, அஞ்சாத இடத்தில் பாதிதான் விழுகிறது. நெஞ்சுரக் கட்சிக்கு இதற்குப் பதில் இல்லை.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் புட்டர் முகம் பார்க்கும் திசை. புட்டர் வரும் பாதைக்கும் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு. அளந்து பார்த்தவர்கள் முகத்துக்கு ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தருகிறார்கள். கை நேர்கோட்டில் போகிறதா, வில்லாக வளைகிறதா என்று மாதக்கணக்கில் கவலைப்படுவோர் சிறிய பங்கைப் பிடித்துக்கொண்டு பெரியதைக் கைவிடுகிறார்கள்.

முகம் ஏன் கோணலாகிறது என்பதில்தான் 'பயம்' என்று பெயர் பெற்ற பிசாசு ஒளிந்திருக்கிறது. பந்துக்கு நேர் மேலே கண் இல்லாமல் எட்டியோ ஒட்டியோ நிற்பவருக்குக் கோடு சாய்ந்து தெரியும். அவர் புட்டரைக் குழிக்கு நேராக வைத்ததாக நம்புவார்; உண்மையில் அது இரண்டு பாகை வலப்பக்கம் பார்க்கும். அப்படியே தட்டினால் பந்து வலப்பக்கம் போக வேண்டும். சில வருடம் ஆடியவருக்கு அது போவதில்லை. தட்டும் தருணத்தில் மணிக்கட்டு தானாகவே இரண்டு பாகை இடப்பக்கம் திருப்பிக்கொடுத்துவிடும். அவர் அறியாமலே பழகிய திருத்தம் அது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆடும்போது பந்து விழுகிறது. போட்டியன்று உடல் சற்று இறுகினால் மணிக்கட்டு அதே அளவுக்குத் திரும்பாது. பந்து வலப்பக்க விளிம்பை உரசி வெளியேறுகிறது. பார்ப்பவர் 'பதறிவிட்டார்' என்கிறார், ஆடியவரும் நம்பிவிடுகிறார். பதற்றம் பிழையை உண்டாக்கவில்லை. இருந்த பிழையை மூடியிருந்த திரையை விலக்கியது, அவ்வளவே. புட்டரை முதலிலேயே நேராக வைப்பவருக்கு மணிக்கட்டில் இந்த வேலை இல்லை. இறுக்கத்தால் கெடுவதற்கும் அவரிடம் அதிகம் இல்லை.

நெஞ்சுரக் கட்சியினர் வரலாற்றைத் துணைக்கு அழைப்பார்கள். 1970இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் டக் சாண்டர்ஸ் கடைசிக் குழியில் மூன்றடிக்குள் தவறவிட்டு, மறுநாள் ஜாக் நிக்லாஸிடம் தோற்றார். 1989 மாஸ்டர்ஸில் ஸ்காட் ஹோக் இரண்டடிப் புட்டைத் தவறவிட, கோப்பை நிக் ஃபால்டோவுக்குப் போனது. 2012இல் கொரியாவின் கிம் இன்-கியுங் ஒரு பெரிய போட்டியின் கடைசிக் குழியில் ஒரே அடி தூரத்தைத் தவறவிட்டார். இவை மூன்றும் நடந்தவை, வேதனையானவை. ஆனால் ஐம்பது ஆண்டுப் பெரும்போட்டி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இந்தச் சிலவே. அதே ஆண்டுகளில் அதே அழுத்தத்தில் விழுந்த இரண்டடி, மூன்றடிப் புட்களுக்குக் கதை கிடையாது. விழுந்ததை எண்ணாமல் தவறியதை மட்டும் எண்ணினால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். கிம் 2017இல் பிரிட்டிஷ் மகளிர் ஓப்பனை வென்றார் என்பதை அந்தக் கதை சொல்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

அண்மைக்கால உதாரணம் ரோரி மெக்ராய். 2024 ஜூன் மாதம் பைன்ஹர்ஸ்டில் நடந்த அமெரிக்க ஓப்பனில் பதினாறாம் குழியில் இரண்டரை அடியையும் பதினெட்டாம் குழியில் ஏறத்தாழ மூன்றே முக்கால் அடியையும் தவறவிட்டு, பிரைசன் டிஷாம்போவிடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். அந்தப் பருவத்தில் அதுவரை மூன்றடிக்குள் அவர் தட்டிய 496 புட்களும் விழுந்திருந்தன. பதினாறாம் குழிப் புட்டை வேண்டுமானால் மனத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அங்கே வாதாட ஒன்றுமில்லை. பதினெட்டாம் குழியில் இருந்தது வேறு சிக்கல். பைன்ஹர்ஸ்டின் கிரீன்கள் கவிழ்த்த சட்டிபோல முதுகு புடைத்தவை. அதற்கு முந்தைய சிப், அதாவது கிரீனுக்கு வெளியிலிருந்து தூக்கிவிட்ட சிறு தட்டு, பந்தைக் குழிக்கு மேட்டுப் பக்கத்தில், இறங்கியபடி பக்கவாட்டில் வழுக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அந்தப் புட் சமதளத்து நான்கடி அல்ல. பத்து மாதம் கழித்து, 2025 மாஸ்டர்ஸ் இறுதிநாளில் அதே மெக்ராய் கடைசிக் குழியில் ஐந்தடி அளவில் ஒன்றைத் தவறவிட்டார். சற்று நேரத்தில் ஜஸ்டின் ரோஸுடன் சமநிலையை முறிக்க ஆடிய பிளே-ஆஃபில், அதே கிரீனில், அதைவிடச் சற்றுக் குறைந்த தூரத்தில் உருட்டிப் பட்டத்தை வென்றார். நெஞ்சுரம் அரை மணி நேரத்தில் வற்றி மறுபடி ஊறும் கிணறா? ஐந்தடியில் நூற்றுக்கு 77 விழும் என்றால் இரண்டில் ஒன்று தவறுவது அன்றாட நிகழ்ச்சி.

இந்தியாவின் அனிர்பன் லாஹிரிக்கும் இப்படி ஒரு நாள் வாய்த்தது. 2024 ஜூலையில் ஸ்பெயினின் வால்டெராமா மைதானத்தில் கடைசிக் குழியில் ஒரு குறுகிய புட் தவறி, செர்ஜியோ கார்சியாவுடன் பிளே-ஆஃபுக்குப் போய்த் தோற்றார். 2015இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவரின் மனத்தைப் பற்றி ஒற்றைப் புட்டைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது எவருக்கும் அழகல்ல.

மனமும் நரம்பும் உண்மையிலேயே காரணமாகும் நிலை ஒன்று உண்டு. அதை மறைத்தால் மறுப்பு நேர்மையாகாது. பந்தைத் தொடும் கணத்தில் கை துள்ளும் அல்லது உறையும் 'யிப்ஸ்' என்ற கோளாறு அது. மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதை இரு முனைகளுக்கு இடைப்பட்ட தொடராகப் பார்த்தார்கள்: ஒரு முனையில் எழுத்தர்களின் கைப்பிடிப்பைப் போன்ற நரம்புத்தசைக் கோளாறு, மறுமுனையில் போட்டி அழுத்தத்தில் திணறல். நரம்புத்தசைக் கோளாறு உள்ளவரிடம் தைரியமாயிரு என்பது விக்கலுக்குத் தைரியம் சொல்வதற்கு ஒப்பு. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் யிப்ஸில் மீண்டும் மீண்டும் மாட்டியவர். 1991 ரைடர் கோப்பை அணிப்போட்டியின் கடைசிப் புட்டை, ஆறடித் தூரத்தில், தவறவிட்டவரும் அவரே. அவர் மீண்டது புட்டரைப் பிடிக்கும் விதத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியதால். 1985இலும் 1993இலும் மாஸ்டர்ஸை வென்றார். மனத்தின் பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லப்படும் கோளாறுக்கே மருந்து கைப்பிடியில் கிடைத்தது என்றால், சாதாரணத் தவறுக்கு மனத்தைக் குடைவானேன்?

அடுத்தது 'பலமாகத் தட்டு' என்ற உபதேசம். குழியை எட்டாத பந்து விழாது என்ற வாசகம் ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஓடிவருகிறது. அது மறுக்க முடியாத உண்மை, பயனற்ற உண்மையும்கூட. குழியைத் தாண்டிய பந்தும்தான் விழுவதில்லை. கேள்வி, எவ்வளவு தாண்டும் வேகம் நல்லது என்பது. பந்து குழிக்குள் அடங்க, அது குழியின் மேல் பறந்து கடக்கும் நேரத்துக்குள் தன் ஆரத்தின் அளவாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். 21 மில்லிமீட்டர் இறங்கப் புவியீர்ப்புக்கு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு தேவை. அந்த நேரத்தில் பந்து எதிர்விளிம்பில் ஏறிவிடாமலிருக்க, குழியின் நட்டநடுவே வந்தால்கூட நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. ஓரமாக வந்தால் கடக்கும் நாண் சிறியது. அனுமதி இன்னும் குறைவு. அதாவது வேகம் கூடக் கூடக் குழி சுருங்குகிறது.

எவ்வளவு சுருங்குகிறது என்று தோராயமாகக் கணக்கிடலாம். கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுப் பள்ளம் பயன்படுகிறது. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் உருவாக்கியதன் திருந்திய வடிவம். நொடிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் வேகத்தில் அதிலிருந்து இறங்கும் பந்து எட்டடி உருண்டால் மெதுவான கிரீன், பன்னிரண்டு உருண்டால் பெரிய போட்டிகளின் கிரீன். எட்டடிக் கிரீனில், குழி இல்லாவிட்டால் 43 செண்டிமீட்டர் தாண்டி நின்றிருக்கும் பந்துக்கு, 54 மில்லிமீட்டர் என்ற பக்க அனுமதி சுமார் 40 ஆகிறது. ஒரு மீட்டர் தாண்டும் வேகத்தில் அது 22 ஆகிவிடுகிறது. மூன்றடியில் 3.4 பாகை மன்னித்த குழி, பலசாலிக்கு 1.4 பாகைதான் மன்னிக்கும். துணிவைக் காட்டிப் பாதிக்கு மேற்பட்ட குழியை மூடிக்கொள்வதே இந்த உபதேசத்தின் பலன். 43 செண்டிமீட்டர், அதாவது 17 அங்குலம், என்ற அளவைப் பரிந்துரைத்தவர் நாசாவில் பணியாற்றிவிட்டுப் புட்டிங் ஆய்வுக்கு வந்த டேவ் பெல்ஸ். அதற்கும் குறைவான வேகமே போதும் என்போரும் உண்டு. அதிகம் வேண்டும் என்பதற்குக் கணக்கில் ஆதரவு இல்லை.

பலமாகத் தட்டுவோர் தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது: கிரீன் எப்போதும் கண்ணாடி அல்ல. தென்னிந்தியச் சமவெளி மைதானங்களில் படர்வது பெரும்பாலும் அருகம்புல் இனம். அதன் கொடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படரும்; காலையில் வெட்டியது மாலைக்குள் மறுபடி நீளும். சாகும் வேகத்தில் வரும் பந்தைக் கடைசி அரையடியில் அந்தச் சாய்வு இழுத்துவிடும். கூடவே, ஆட்டக்காரர்கள் குழியைச் சுற்றியே நின்று மிதிப்பதால் குழிக்கு முன் சிறு மேடுபள்ளங்கள் விழுகின்றன. மாலை நேர அருகம்புல்லில் குழி விளிம்பில் மூச்சடங்கும் பந்து நல்லதல்லதான். ஆனால் இந்த வாதம் 17 அங்குலத்துக்குத் துணை நிற்கிறது, ஒரு மீட்டருக்கு அல்ல. பழுதான வழியை இப்போது செப்பனிடவும் செய்யலாம்: 2019இல் திருத்திய விதிகள் காலணி ஆணித் தடங்களை மட்டுமல்ல, விலங்குகளின் குளம்படிகளையும் கிரீனில் சரிசெய்துகொள்ள அனுமதிக்கின்றன. கொடைக்கானலில் காட்டெருமை நடந்துபோன கிரீனில் இந்த விதி ஏட்டுச்சுரைக்காய் அல்ல. முன்பெல்லாம் புல் நிற்காத இந்திய ஊர்களில் மணலில் எண்ணெய் கலந்து சமன்செய்த 'பிரவுன்' பரப்புகளில் ஆடினார்கள். தட்டும் முன் வழியை இழுத்துச் சமன்படுத்திக்கொள்வது அங்கே வழக்கம். அந்தப் பரப்பில் ஷார்ட் புட்டைத் தவறவிட்டவருக்குப் புல்லின் மேல் பழிபோட வழியில்லை.

சரிவு இன்னொரு விஷயம். நூற்றுக்கு இரண்டு சரிந்த கிரீனில் மெதுவாக உருளும் நான்கடிப் புட், குழியின் பாதி அகலத்துக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும். குழியின் நடுவைப் பார்த்து நேராகத் தட்டினால் தவறும். அதைப் பயமென்று சொல்ல முடியாது, வாசிப்புப் பிழை. மலை மைதானங்களில் இந்தப் பிழை கூடுதல். சுற்றிலும் மலைச்சரிவு இருக்கும்போது கண்ணுக்குச் சமதளம் எது என்பதே குழம்பும். மேடாகத் தெரிவது உண்மையில் இறக்கமாக இருக்கும். சமவெளியிலிருந்து மேலேறி வந்தவர் முதல் நாள் காலையில் நாலைந்து தவறவிட்டுத் தன் மனத்தை நொந்துகொள்வதைவிட, கிரீனைச் சுற்றி ஒருமுறை நடந்து தாழ்ந்த பக்கத்திலிருந்து பார்ப்பது மேல்.

இனி 'கிரீன் இல்லாமல் பயிற்சி இல்லை' என்பது. ஷார்ட் புட்டின் பெரும்பகுதி புட்டர் முகக்கோணம் என்பது தெளிவான பிறகு இந்த வாதத்துக்குக் கால் இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல் ஒன்று வேண்டும். அகலம் மூன்று செண்டிமீட்டர் அளவில் இருக்கும். அதைத் தரையில் கிடத்தி, ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனைவரை கீழே விழாமல் உருட்ட வேண்டும். ஒரு பாகை கோணலாகக் கிளம்பிய பந்து ஒரு மீட்டரில் பதினேழு மில்லிமீட்டர் விலகும். ஸ்கேலின் பாதி அகலம் பதினைந்துதான். ஆகவே முனைக்குச் சற்று முன்பே பந்து இறங்கிவிடும். முதல் தடவை முயல்பவருக்குப் பாதி ஸ்கேல் தாண்டுவதே பாடு. முனைவரை ஓட்டத் தெரிந்தவர் ஒரு பாகைக்குள் வந்துவிட்டார். மூன்றடிக் குழி கேட்பது அதன் மூன்று மடங்கு தாராளத்தை. ஆறடிக் குழியும் அவருக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறது. அந்த இரும்புத் துண்டு எந்த மனோதத்துவ நூலையும்விட நேர்மையானது. பந்து இடப்பக்கம் இறங்கினால் முகம் இடப்பக்கம் பார்த்தது, அவ்வளவே. ஆறுதலும் சொல்லாது, திட்டவும் திட்டாது.

ஸ்கேலுக்குப் பிறகு தீப்பெட்டி. பந்துக்கு அரை மீட்டர் முன்னால் இரண்டு தீப்பெட்டிகளை ஏழு செண்டிமீட்டர் இடைவெளியில் நிமிர்த்தி வைத்து, எதையும் சாய்க்காமல் நடுவே பந்தை விட வேண்டும். தப்பாமல் கடக்கும் பந்து சமதளத்தில் ஆறடிக் குழியைத் தப்பாது. கண் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடியின் நடுவே மார்க்கரால் கோடு கிழித்துப் பந்துக்குக் கீழே வைத்தால் போதும். கண்ணின் பிம்பம் கோட்டில் விழ வேண்டும். ரெட் ஆக்சைடு தரையானால் கொத்தனார் நூலைக் கட்டிக்கொள்ளலாம். டைல்ஸ் தரையில் ஒட்டுக்கோடே நேர்க்கோடு, ஆனால் அதன் பள்ளத்தில் பந்தை ஓட்டக் கூடாது. அது எல்லோரையும் மேதையாக்கிவிடும்.

வீட்டுத் தரை எல்லாவற்றையும் கற்றுத்தராது. வழுவழுப்பான தரை எந்தக் கிரீனைவிடவும் வேகம். வேகக்கணிப்பை அங்கே பழகினால் மலைமேல் பந்து பாதி வழியில் நிற்கும். ஜமுக்காளம் விரித்தால் கொஞ்சம் அடங்கும். சரிவுக்கு மொட்டை மாடி இருக்கிறது. மழைநீர் வடியக் கொத்தனார் விட்டிருக்கும் வாட்டம், பல கிரீன்களின் மென்மையான சரிவுக்கு ஏறத்தாழச் சமம். அங்கே ஜமுக்காளத்தை வாட்டத்துக்குக் குறுக்கே விரித்து, ஒரு கிண்ணத்தின் அகலத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டால், வேகம் குறையக் குறையப் பந்து எவ்வளவு வளைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். திண்டுக்கல் வெயிலில் அது காலை ஏழு மணிக்கு முந்தியோ அந்திக்குப் பிந்தியோதான் முடியும் என்பது வேறு. புல்லின் சாய்வையும் அந்தந்தக் கிரீனின் வேகத்தையும் மட்டும் மேலே போய்த்தான் கற்க வேண்டும். ஆனால் திசையை ஏற்கனவே கீழே தீர்த்துவிட்டவருக்கு மேலே கிடைக்கும் சில மணி நேரம் முழுக்க வேகத்துக்கும் வாசிப்புக்கும் மிஞ்சும்.

புட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரத்துக்குப் பொருந்தாத நீளம் கண்ணைக் கோட்டிலிருந்து விலக்கும் என்பதால் நீளம் முக்கியம். கனமான, அகன்ற தலைகள் ஓரத்தில் பட்டாலும் குறைவாகத் திரும்பும் என்பதும் உண்மையே. நீண்ட புட்டரை உடம்பில் ஊன்றித் தட்டும் முறை 2016 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பின்னும் லாங்கர் நீண்ட புட்டரை மார்பில் ஊன்றாமல் பிடித்து வென்றுகொண்டுதான் இருந்தார். ஆகவே கருவியில் இருப்பதாகச் சொன்ன மாயமும் அங்கே இல்லை.

பிறவி வரம் என்ற சால்ஜாப்பும் இப்படித்தான். பெங்களூரின் அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நீளமாக அடிப்போர் நடுவே குட்டையான டிரைவோடு, அதாவது குறைந்த தூரமே போகும் முதல் வீச்சோடு, நான்காம் இடம் பிடித்தார். வெண்கலத்துக்கு ஒரே ஸ்ட்ரோக் குறை. அவரை அங்கே கொண்டுபோனது புட்டர். இந்தியன் ஓப்பனை 2016, 2017 என அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌரசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் கிரீன் பராமரிப்பாளரின் மகன். நீளத்துக்குப் பெயர்போனவர் அல்லர், குழியருகே ஆட்டத்துக்குப் பெயர்போனவர். கிரீன் ஓரத்திலேயே வளர்ந்த பையனுக்குக் கிடைத்ததை வரம் என்று சொல்லலாம்தான், ஆனால் அந்த வரத்தின் பெயர் பழக்கம்.

கடைசியாக, மனமே காரணம் என்போர் பலரும் தாங்களே அந்த மனத்தைக் கெடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நண்பர்கள் ஆட்டத்தில் இரண்டடி, மூன்றடிப் பந்துகளை 'எடுத்துக்கொள்' என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இருவர் நேருக்கு நேர் மோதும் மேட்ச் பிளேயில் இதற்கு விதி இடம் தருகிறது. 1969 ரைடர் கோப்பையில் ஜாக் நிக்லாஸ், டோனி ஜாக்லினின் குறுகிய புட்டை விட்டுக்கொடுத்துத் தொடரைச் சமனாக்கியது இன்றும் பெருந்தன்மைக்கு உதாரணம். தட்டிய எண்ணிக்கையை மொத்தமாகக் கூட்டும் ஸ்ட்ரோக் பிளேயில் அந்தச் சலுகை கிடையாது. பந்து குழிக்குள் விழாமல் அந்தக் குழியின் ஆட்டம் முடியாது. ஆண்டு முழுக்க மூன்றடிகளைக் கையால் எடுத்துப் பைக்குள் போட்டவர், கிளப் போட்டியன்று காலை முதல் குழியில் வாழ்நாளின் புதிய வேலையைச் செய்கிறார். அன்று அவர் கை நடுங்கினால் அது கோழைத்தனமல்ல, அனுபவமின்மை. சரிசெய்ய, விட்டுக்கொடுத்த பந்தையும் தட்டிப் போட்டுவிட்டு நகர்ந்தால் போதும்.